மென்னுக்கினு போ

எனக்கு அவர் மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் தூக்கிவிட வேண்டும், தட்டிக்கொடுக்க வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் யாராவது பேசாத ஞாயிறு கிடையாது. நானே மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, அதே ஆட்கள் முகநூலில் எத்தனை லைக் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

கூட்டம் என்று சொன்னது பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டுடோரியல் சென்டர் இருக்கிறது. அதன் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மதியம் சேர்வோம். நான் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் போவேன். போர்டில் முதல் நாள் போட்ட கணக்கு அழிக்காமல் இருக்கும். பெஞ்சுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்தவை என்பதால் முட்டி இடிக்கும். டீ மட்டும் கீழேயிருந்து நேரத்துக்கு வந்துவிடும்.

அங்கே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதை எழுதியவர் தன் கதையைத் தானே படிக்கக் கூடாது. வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். எழுதியவரே படித்தால் எங்கே சறுக்குகிறதோ அங்கே குரலை ஏற்றி இறக்கிச் சமாளித்துவிடுவார். அடுத்தவர் வாய்க்கு அந்தச் சாமர்த்தியம் இருக்காது. வாக்கியம் தடுக்கினால் படிப்பவரும் தடுக்குவார், எல்லாருக்கும் கேட்டுவிடும். ஒருவருக்கொருவர் நாங்கள் செய்துகொண்ட உதவிகளில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

படிப்பது பெரும்பாலும் நான்தான். காப்பீட்டு அலுவலகத்தில் கவுண்டரில் உட்கார்ந்து பாலிசி விவரங்களைக் காது மந்தமானவர்களுக்கும் புரியும்படி சொல்லிச் சொல்லி வந்த குரல். "மேடம் படிச்சா சுமாரான கதைகூட நல்லா இருக்குதுங்க" என்பார்கள். என் கதைகளை வேறு யாராவது படிக்கும்போது இந்தப் பாராட்டின் முழு அர்த்தமும் எனக்குத் தெரிந்துவிடும்.

நான் முதலில் சொன்ன அந்தப் பெண்மணி விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். காலையில் வரிசையில் நிற்பவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பது, பிறகு மெஷினில் போட்டு ரிசல்ட் எடுப்பது. மெஷின் சுற்றுகிற நேரத்தில் போனில் கதை எழுதுவார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஆரம்பித்தவர். நானோ கல்லூரி நாளிலிருந்து எழுதுகிறேன். லீவு போட்டு, கதவைச் சாத்தி, வீட்டிலிருப்பவர்களைச் சத்தம் போடாதீர்கள் என்று சத்தம் போட்டு எழுதியிருக்கிறேன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. விற்றது போக மீதிப் பிரதிகள் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. விற்றது கொஞ்சம், மீதிதான் நிறைய.

முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டார். பூசை முடிந்து, வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, தலையில் பூ வாடாமல் வந்திருந்தார். பேச்சுவாக்கில் வயதைக் கேட்டால் என்னைவிட ஒரு வயது மூத்தவர்.

"நீங்கதான் எனக்கு அக்கா" என்றேன்.

"இருக்கட்டுங்க. எழுத்துல நீங்கதான பெரியவங்க" என்றார்.

அந்த வார்த்தையில் அன்றைக்கு நான் குளிர்ந்துபோனது உண்மை. அவருடைய கதையைக் கையில் வாங்கும் வரைக்கும்தான் அந்தக் குளிர்ச்சி.

கதை இதுதான். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையைப் பிடுங்கி முடிந்த கொல்லை. மழை பெய்து விட்டிருக்கிறது. மண்ணுக்குள் விட்டுப்போன காய்களைப் பொறுக்க இரண்டு பெண்கள் வருகிறார்கள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். பாகம் பிரித்ததிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஆளுக்கு ஒரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு பொறுக்குகிறார்கள். பெரியவளுக்கு மடி நிறைகிறது, சின்னவள் கூடையில் ஒன்றும் சேரவில்லை. பொழுது சாயும்போது பெரியவள் கிட்டே வந்து, மடியிலிருந்து ஒரு கை அள்ளி அந்தக் கூடையில் போட்டு, ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறாள்.

அவ்வளவுதான். நான் படித்து முடித்ததும் யாரும் டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை. கதை முழுக்க எங்கள் பக்கத்துப் பேச்சு. மல்லாட்டை, கேப்பை, வந்துகினு, போய்க்கினு. ஓர் இடத்திலும் என் வாய் தடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதை நான் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு, நான் எழுதியிருந்தால் இப்படி வந்திருக்காது என்றும் தோன்றியது. இரண்டாவது நினைப்புதான் அதிகம் எரிந்தது.

"நல்லா வந்திருக்குதுங்க. நடுவுல மட்டும் கொஞ்சம் தொய்யுது" என்றேன்.

எங்கேயும் தொய்யவில்லை. ஆனால் அவர் நான் சொன்னதை நம்பி, வீட்டுக்குப் போய் நடுவில் எதையோ சுருக்கி, அடுத்த மாதம் இன்னும் நன்றாகக் கொண்டுவந்தார். இப்படிப்பட்டவரை என்ன செய்வது.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவரிடம் ஒரு தொகுப்புக்கு வேண்டிய கதைகள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் அந்த மாடியில் நான்தான் படித்தேன். சென்னையில் ஒரு பதிப்பகத்துக்குத் தபாலில் அனுப்பினார். நானும் என் மூன்றாவது தொகுப்பை அங்கேதான் அனுப்பியிருந்தேன். எனக்கு ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில்கூட வரவில்லை. அவருக்குப் போனே வந்துவிட்டது.

"அக்கா, போடுறேன்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். எங்க வீட்டுக்காரருக்குக் கூட இன்னும் சொல்லல."

"ரொம்ப சந்தோஷம்ங்க" என்றேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசத்தில் உப்பு குறைவு என்று என் கணவர் சொன்னார். பாவம், அவருக்குப் பதிப்பக விவகாரம் தெரியாது. நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் மொத்தத் தொகுப்பையும் மெயிலில் அனுப்பினார். திங்கட்கிழமை பதிப்பகத்துக்குக் கொடுத்தாக வேண்டும், ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று கேட்டிருந்தார். அலுவலகம் விட்டு வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதல் கதையின் முதல் பக்கத்திலேயே ஒரு வார்த்தை என்னைப் பார்த்து முழித்தது.

வாங்கொண்டு.

‘சந்தையில கத்திரிக்காய் வாங்கொண்டு வந்தாள்.’ என்ன இது என்று அடுத்த பக்கம் போனேன். ‘பையைத் தூக்கொண்டு நடந்தாள்.’ இன்னொரு இடத்தில் ஒருத்தி படியில் ‘இறங்கொண்டு’ இருந்தாள். கொஞ்ச நேரம் பிடித்தது புரிய. அவர் எழுதியிருந்தது வாங்கினு, தூக்கினு, இறங்கினு. எங்கெல்லாம் ‘கினு’ இருக்கிறதோ அங்கெல்லாம் ‘கொண்டு’ என்று மாற்றச் சொல்லிக் கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டிருக்கிறார். போய்க்கினு ஒழுங்காகப் போய்க்கொண்டு ஆகிவிட்டது. வாங்கினு பாதி உடைந்து வாங்கொண்டு ஆகிவிட்டது.

சிரித்தேன். அவர் எழுத்தைப் படித்து மனசு விட்டு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மேலே படிக்கப் படிக்கச் சிரிப்பு குறைந்தது. மல்லாட்டை எல்லாம் நிலக்கடலை ஆகியிருந்தது. கேப்பைக்களி கேழ்வரகுக் களி ஆகியிருந்தது. இது போதாதென்று பேச்சுகளை வேறு அங்கங்கே கையாலேயே திருத்தி, எல்லாரையும் ரேடியோவில் செய்தி வாசிக்க வைத்திருந்தார். ஓரகத்திகள் கதையைத் திறந்தேன். கடைசியில் பெரியவள் சொல்லும் அந்த ஒரு வரி, ‘இதையும் எடுத்துச் செல்’ என்று நின்றது.

போன் போட்டேன்.

"எதுக்குங்க மாத்துனீங்க? பதிப்பகத்துல சொன்னாங்களா?"

"இல்லக்கா, அவங்க ஒண்ணும் சொல்லல. நானாத்தான் மாத்துனேன்."

"அதான் எதுக்கு?"

"உங்க ரெண்டு புஸ்தகத்தையும் எதிர்ல வச்சிக்கினு பார்த்தேன்க்கா. அதுல ஒரு கினு கூட இல்ல. மல்லாட்டை இல்ல. புஸ்தகம்னா அப்படித்தான இருக்கணும்?"

என் முதல் புத்தகம் வரும்போது, அச்சில் ஏறுகிற தமிழ் இஸ்திரி போட்டுத்தான் ஏற வேண்டும் என்று நினைத்தவள் நான். வீட்டில் நாள் பூராவும் வந்துகினு போய்க்கினு என்று பேசிவிட்டு, எழுத உட்கார்ந்தால் கொண்டு, கொண்டு, கொண்டு. யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

"பழசு இருக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அது மேலயே மாத்தி சேவ் பண்ணிட்டேன். தாள்ல இருந்த ஒரே பிரதியும் தபால்ல பதிப்பகத்துக்குப் பூடுச்சு. இப்ப என்னக்கா, பேஜாரா பூடுச்சா? உங்களுக்குத்தான் காதுல இருக்கும். நீங்கதான படிச்சீங்க."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் ஒரு சுலபமான வழி இருந்தது. வாங்கொண்டுவை வாங்கிக்கொண்டு என்று திருத்தி, மற்றதைத் தொடாமல் அனுப்பிவிடலாம். பிழை இருக்காது, யாரும் குறை சொல்ல முடியாது. அவர் புத்தகமும் என் புத்தகங்களைப் போலவே சுத்தமாக வெளிவரும், யார் கண்ணிலும் படாமல் போகும். எங்கள் கட்டிலுக்கு அடியில் அதற்கும் இடம் இருந்தது. இந்த யோசனை எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

நல்ல மனசு வந்து என்னைத் தடுத்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ‘இரண்டு பேரும் நிலக்கடலை பொறுக்கிக்கொண்டு இருந்தார்கள்’ என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். வாய் ஒத்துக்கொள்ளவில்லை. மாடியில் அத்தனை பேருக்கு முன்னால் அதே வாயால் மல்லாட்டை என்று படித்தவள் நான். இவ்வளவு நாள் வயிறெரிந்து பார்த்திருந்த கதை, இப்படிச் சப்பென்று கிடந்தால் எனக்கே அவமானமாக இருந்தது. பொறாமைப்படுவதற்காவது அது முழுசாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிறு காலை உட்கார்ந்தேன். ஒவ்வொரு கொண்டுவாக எடுத்துவிட்டுக் கினுவை வைத்தேன். மொத்தமாக மாற்றிவிட முடியாது, அப்படிச் செய்தால் ‘கொண்டுவந்தாள்’கூடக் ‘கினுவந்தாள்’ ஆகிவிடும். ஒவ்வொரு வரியாக வாயால் சொல்லிப் பார்த்து, காதில் இருப்பதை எடுத்து எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன். என் புத்தகத்துக்கு நான் ஒருநாளும் செய்யாத வேலை. நடுவில் கணவர் எட்டிப் பார்த்து, "யாருது?" என்று கேட்டார். "எனக்குப் பிடிக்காதவங்களுது" என்றேன்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்து ஓரகத்திகளின் கடைசி வரியில் வந்து நின்றேன். அந்த ஒன்று மட்டும் காதில் இல்லை. அந்த வரியை நான் படித்ததும் மாடியே அடங்கியது ஞாபகம் இருக்கிறது, என்ன படித்தேன் என்பதுதான் ஞாபகம் இல்லை. திரும்பப் போன் போட்டேன். பின்னால் ஒரே கூச்சல்.

"அக்கா, ரத்தம் எடுத்துக்கினு இருக்கேன்க்கா. ஜுரம் சீசன், ஞாயித்துக்கிழமையும் வரச் சொல்லிட்டாங்க."

"அந்தக் கடைசி வரி என்னன்னு எழுதியிருந்தீங்க?"

"எனக்கு எங்கக்கா ஞாபகம் இருக்குது. நீங்களே எதனா போடுங்க. ஜல்தியா முடிச்சு அனுப்பிடுங்கக்கா" என்று வைத்துவிட்டார்.

யோசித்தேன். பெரியவள் கூடையில் ஒரு கை மல்லாட்டையைப் போடுகிறாள். போட்டுவிட்டு என்ன சொல்வாள். திடீரென்று என் அம்மா குரல் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் சாப்பிடாமல் ஓடும்போது, கையில் தின்ன எதையாவது திணித்து முதுகில் ஒன்று வைத்துச் சொல்வாள். அதையே எழுதினேன்.

‘இந்தா, மென்னுக்கினு போ.’

எழுதிவிட்டு இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். இத்தனை வருஷம் எழுதியதில் இப்படி ஒரு வரி என் கதைகளில் வந்ததில்லை. வந்ததே வந்தது, அடுத்தவர் கதையில் வந்தது. அனுப்பிவிட்டேன்.

புத்தக வெளியீடு விழுப்புரத்தில் ஓர் ஓட்டல் மாடியில் நடந்தது. நாற்காலிகள் போதாமல் கீழேயிருந்து கொண்டுவந்து போட்டார்கள். என் புத்தக வெளியீட்டில் நாற்காலிகளை அடுக்கி ஓரம் கட்டினார்கள் என்பது சம்பந்தமில்லாமல் ஞாபகம் வந்தது. எனக்கு வாழ்த்துரை. பேசும்போது ஒரு குறையும் வைக்கவில்லை. நம் பேச்சு அச்சில் ஏறுவதற்கு ஒரு தைரியம் வேண்டும் என்றேன், கைதட்டினார்கள். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

பிறகு புதுச்சேரியிலிருந்து வந்திருந்த விமர்சகர் எழுந்தார். வாசிக்காமல் பேசுகிறவர் அல்ல, புத்தகத்தில் அங்கங்கே சீட்டு வைத்திருந்தார். நேராக ஓரகத்திகள் கதைக்கு வந்தார்.

"‘எடுத்துக்கோ’ன்னு முடிச்சிருந்தா இது சாதாரணக் கதை. ‘மென்னுக்கினு போ’ன்னு முடிச்சாங்க பாருங்க, அந்த இடத்துலதான் எழுத்தாளர் நிக்கிறாங்க. இந்த ஒரு வரிக்காக நான் பஸ் ஏறி வந்தேன்" என்றார்.

அன்றைக்கு அதிகமாகக் கைதட்டல் வாங்கிய இடம் அதுதான். பக்கத்து நாற்காலிக்காரர் என் தோளைத் தட்டி, "எப்படிங்க இப்படி ஒரு வரி தோணுது இவங்களுக்கு" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். கதை எழுதியவரை மேடைக்கு அழைத்தார்கள், என் வார்த்தைக்கு அவர் தோளில் பொன்னாடை விழுந்தது. மற்றவர்கள் மேல் நான் எவ்வளவோ பொறாமைப்பட்டிருக்கிறேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை மேலேயே பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. கைதட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினேன்.

சாயங்கால பாசஞ்சருக்கு ஸ்டேஷன் வரை அவரே கூட வந்தார். பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். பிளாட்பாரத்துக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"அக்கா, அந்த வரி உங்களுது."

"தெரியும்."

"ப்ரூஃப்லயே பார்த்தேன். நல்லா இருந்துச்சு, வுட்டுட்டேன். அவரு அப்படி சொல்லுவாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? மேடையில சொல்லிடலாமான்னு பார்த்தேன். வாய் வரல."

"பரவாயில்லைங்க" என்றேன். பரவாயில்லை என்பதில் எனக்கு எவ்வளவு பரவாயில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

வண்டி வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் எங்கேயோ போனார். சிக்னல் விழுந்த பிறகு வேகமாக வந்தார். கையில் ஒரு பொட்டலம், அவித்த மல்லாட்டை, சூடாக இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் கம்பிக்குள் திணித்தார்.

"இந்தாங்க, எடுத்துக்கினு போங்க."

அதேதான். காதில் விழுந்ததும் எனக்கு மாடி ஞாபகம் வந்துவிட்டது, டீ கிளாஸ்கள் ஞாபகம் வந்துவிட்டது. ‘இந்தா, எடுத்துக்கினு போ.’ இதைத்தான் அவர் எழுதியிருந்தார், இதைத்தான் நான் படித்தேன். அதற்குத்தான் எல்லாரும் அடங்கிப்போனார்கள். அன்றைக்குப் போனிலும் ‘எடுத்துக்கினு இருக்கேன்’ என்று அவர் சொன்னார், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வண்டி நகர்ந்தது. முண்டியம்பாக்கம் வரை அந்த வரியையே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பாகம் பிரித்ததிலிருந்து பேசாத ஒருத்தி, கொடுக்க வந்ததே தனக்குப் பிடிக்காதது போலத்தான் கொடுப்பாள். கையிலிருந்து இறங்கினால் போதும் என்று எடுத்துக்கினு போ என்பாள். போகிற வழியில் சின்னவள் மெல்வாளா, பசியாறுவாளா என்றெல்லாம் வாய் திறந்து காட்டிக்கொள்ள மாட்டாள். மென்னுக்கினு போ என்பது என் அம்மா பெற்ற பிள்ளைக்குச் சொன்னது. ஓரகத்திக்குச் சொல்வது அல்ல. விமர்சகர் பஸ் ஏறி வந்து தவறான வரிக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எல்லாரும் புகழ்ந்த வரி என்னுடையது, அதைவிட நல்ல வரி அவருடையது, இது அந்த ஜில்லாவிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். என் வரியைத் தூக்கிக் கொடுத்த பிறகும் அவர் ஒரு படி மேலேயே நின்றார். இதைவிட ஒரு பொறாமை இனி எனக்கு மிச்சம் இருக்குமா என்று தெரியவில்லை.

விக்கிரவாண்டி தாண்டியதும் போனை எடுத்து அவருக்கு எழுதினேன். ‘உங்க பழைய வரி இப்பதான் கெடச்சுது. எடுத்துக்கினு போ. அதுதான் சரி. அடுத்த பதிப்புல மாத்திடுங்க.’

அனுப்பும்போது எனக்கே சந்தேகம். கதை நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேனா, கைதட்டல் வாங்கிய வரியை அவரிடமிருந்து பிடுங்குகிறேனா. இரண்டும்தான் போல.

பேரணி வருவதற்குள் பதில் வந்தது.

‘முடியாதுக்கா. அது இப்ப என்னுது.’

அதற்குக் கீழே இன்னொன்று. ‘வேணும்னா நீங்க என்னோட பழைய வரியை எடுத்துக்கோங்க. எடுத்துக்கினு போ. உங்க அடுத்த கதையில போடுங்க.’

போனை வைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். எதிர் சீட்டுப் பெண்மணி கேட்காமலேயே கையை நீட்டினார், கொஞ்சம் மல்லாட்டை கொடுத்தேன். நன்றாக வெந்திருந்தது, உப்பும் அளவாக இருந்தது. அதிலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. மென்றுகொண்டே வந்தேன் என்றுதான் இந்த இடத்தில் முதலில் எழுதினேன். எழுதிவிட்டு அடித்தேன். திண்டிவனம் வரைக்கும் மென்னுக்கினே வந்தேன்.